அரண்மனைப் பிள்ளைமை: தமிழக அரச குடும்பங்களில் குழந்தை வளர்ப்பு – ஒரு பார்வை

முன்னுரை

பகாங் மாநிலத்தின் மேற்கு எல்லையில் அமைந்துள்ள கேமரன் மலை, 1885ஆம் ஆண்டு அங்குப் பயணம் மேற்கொண்ட வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளரின் பெயரால் வழங்கப்படுவது. 1929ஆம் ஆண்டு ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்தார். அதன்பின் அம்மலைச் சரிவுகளில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வேரூன்றின. இன்று கொழுந்து பறிக்கும் பணியில் அயல்நாட்டுத் தொழிலாளரே மிகுதியாக உள்ளனர். எனினும் தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பயிலும் பள்ளிகள் அம்மலையில் இன்றும் உள்ளன.

சில ஆண்டுகளுக்கு முன்னர்த் தானா ராத்தாவில் நடைபெற்ற தமிழாசிரியர் பயிலரங்கு ஒன்றில் உரையாற்றச் சென்றிருந்தேன். இடைவேளையின்போது தோட்டப் பள்ளி ஆசிரியை ஒருவர், தம் மாணவர் எழுதிய கற்பனைக் கட்டுரைகள் சிலவற்றைக் காட்டினார். தலைப்பு, ‘நான் ஓர் இளவரசனானால்’ என்பது. மணிமுடி, யானை, குதிரை, பலகாரம் எனப் பலரும் எழுதியிருந்தனர். ஒரு மாணவன் மட்டும் வேறு வகையாக எழுதியிருந்தான். அரண்மனையில் பிறந்தால் அப்பாவுக்கு வேலை போனாலும் வீட்டைக் காலி செய்யும்படி யாரும் சொல்ல மாட்டார்கள் என்பது அவன் எழுதியதன் சாரம். ‘சந்திப்பிழைகளைத் திருத்திவிட்டேன் ஐயா, கருத்தைத் திருத்த வேண்டுமா என்றுதான் தெரியவில்லை’ என்றார் அவ்வாசிரியை.

அக்கேள்விக்கு அன்று என்னால் உரிய விடை கூற இயலவில்லை. அரச குடும்பத்தில் வளர்வது ஒரு குழந்தைக்கு நன்மை தருவதா? அம்மாணவன் கருதியதுபோல் அது பாதுகாப்பான வாழ்வுதானா? தமிழக வரலாற்றில் பெயர் தெரிந்த சில அரசிளங் குழந்தைகளின் வாழ்வைச் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது. தஞ்சை மராட்டியர், புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆகியோர் அரசர்கள். இராமநாதபுரம், சிங்கம்பட்டி ஆகியவற்றின் தலைவர்கள் ஆங்கிலேயர் காலச் சட்டப்படி ஜமீன்தார்களே. ஆயினும் தத்தம் மக்களால் அரசராகவே கொள்ளப்பட்டமையின் அவர்களும் இங்கு இடம்பெறுகின்றனர்.

சங்கப் பாடல்கள் காட்டும் அரசிளங் குழந்தைகள்

அரச குடும்பத்துக் குழந்தையைப் பற்றிய மிகத் தொன்மையான தமிழ்ச் சான்றுகள் சங்கப் பாடல்களிலேயே கிடைக்கின்றன. அவை காட்டும் பிள்ளைமை இன்பமயமானதாக இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் மிக இளம் வயதில் அரியணை ஏறியவன். அவனைக் குறித்து இடைக்குன்றூர் கிழார் பாடிய 77ஆம் புறப்பாட்டு, காற்சதங்கையை அகற்றிக் கழல் அணிந்தவனாகவும், பாலுணவை விட்டு அன்றுதான் சோறுண்டவனாகவும், கழுத்தில் ஐம்படைத்தாலி இன்னும் களையப்படாதவனாகவும் அவனைக் காட்டுகிறது. புலவர் அவனது வீரத்தை வியக்கிறார். ஆசிரியர் கண்கொண்டு நோக்கினால், பிள்ளைப் பருவத்தின் அடையாளங்கள் உடலில் இருக்கும்போதே போர்க்களத்தில் நிறுத்தப்பட்ட ஒரு சிறுவனையும் அப்பாடலில் காணமுடிகிறது.

கரிகால் வளவன் தாயின் வயிற்றில் இருந்தபோதே அரசுரிமை எய்தியவன் எனப் பொருநராற்றுப்படை கூறும். அவ்வுரிமையே அவனுக்குப் பகையையும் தேடித் தந்தது. கூட்டில் அடைபட்டு வளர்ந்த புலிக்குருளையைப் போல அவன் பகைவரின் சிறையில் வளர்ந்தான் எனப் பட்டினப்பாலை உவமை காட்டுகிறது.

மூன்றாவது சான்று இவ்விரண்டினும் கொடியது. மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடறச் செய்யக் கிள்ளிவளவன் முற்பட்டபோது கோவூர் கிழார் குறுக்கிட்டுப் பாடியது 46ஆம் புறப்பாட்டு. யானையைக் கண்டு அழுகையை மறந்து, கூடியிருந்தோரை மருண்டு நோக்கும் அச்சிறுவரின் நிலை அதில் பதிவாகியுள்ளது. அவர்கள் செய்த குற்றம் யாதொன்றுமில்லை. ஓர் அரசனுக்குப் பிறந்தமையே அவர்களைக் கொலைக்களத்தில் நிறுத்தியது. பாரி மறைந்தபின் ஆதரவின்றி நின்ற அவன் மகளிரைக் கபிலர் தம் பொறுப்பில் ஏற்று, மணம் பேசி அலைந்ததையும் இங்கு இணைத்து எண்ணலாம்.

இச்சான்றுகளால் இரண்டு உண்மைகள் புலனாகின்றன. ஒன்று, அரச குலத்துக் குழந்தையின் உயிரும் உறைவிடமும் தந்தையின் அதிகாரம் நிலைக்கும் வரையே உறுதியாக இருந்தன. மற்றொன்று, அவ்வதிகாரம் சரிந்தபோது அக்குழந்தைக்கு அரணாக நின்றவர் அரண்மனைக்கு வெளியிலிருந்து வந்த ஒரு புலவர். இவ்விரண்டாம் உண்மை பிற்கால வரலாற்றிலும் தொடர்ந்து வருகிறது.

சரபோஜி: ஆசிரியரால் மீட்கப்பட்ட சிறுவன்

தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் துளஜாவுக்கு வாரிசு இல்லாமையால், 1777ஆம் ஆண்டு பிறந்த சரபோஜியை அவர் 1787ஆம் ஆண்டு தத்தெடுத்தார். இறக்கும் தறுவாயில் அச்சிறுவனை ஜெர்மானியச் சமயத் தொண்டர் சுவார்ட்ஸ் பாதிரியாரின் பாதுகாப்பில் ஒப்படைத்தார். ஆனால் அரியணை துளஜாவின் உறவினரான அமர்சிங்கின் கைக்குச் சென்றது.

அதன்பின் சரபோஜி வாழ்ந்தது அரண்மனையில்தான். எனினும் அவ்வாழ்வு சிறைவாழ்வாக இருந்தது. வெளிச்சமும் காற்றோட்டமும் குறைந்த அறையில் அவர் அடைத்துவைக்கப்பட்டிருந்தார் என்றும், எழுத்தறிவு தரப்படவில்லை என்றும் சுவார்ட்ஸ் கும்பினி அதிகாரிகளிடம் முறையிட்டார். அம்முறையீடுகளின் விளைவாகக் காவல் தளர்த்தப்பட்டுக் கல்விக்கு வழி பிறந்தது. 1793ஆம் ஆண்டு சரபோஜியும் துளஜாவின் மனைவியரும் சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அங்குக் கெரிக்கே பாதிரியாரிடம் சரபோஜியின் கல்வி தொடர்ந்தது. 1798ஆம் ஆண்டு அவர் அரியணை ஏறினார். சுவார்ட்ஸ் அதே ஆண்டின் தொடக்கத்தில் காலமாகிவிட்டார்.

பின்னாளில் சரசுவதி மகால் நூலகத்தை வளப்படுத்தியவராகவும், தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தை நடத்தியவராகவும், பல மொழிக் கல்வியைப் பேணியவராகவும் சரபோஜி போற்றப்படுகிறார். ஒரத்தநாட்டில் அவர் நிறுவிய முத்தாம்பாள் சத்திரத்தில் பிள்ளைகளுக்குக் கல்வியும் உணவும் அளிக்கப்பட்டன. எழுத்தறிவு மறுக்கப்பட்ட சிறுவன் அரசனானபின் பிள்ளைகளுக்குக் கல்விச்சாலை அமைத்தமை தற்செயலானது எனக் கொள்ள இயலவில்லை. தம் ஆசிரியரின் மரணப்படுக்கையருகே தாம் நிற்கும் காட்சியை ஜான் பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு சலவைக்கல்லில் வடிக்கச் செய்து, தஞ்சைக் கோட்டைத் தேவாலயத்தில் அவர் நிறுவினார். அச்சிற்பம் இன்றும் அங்குள்ளது.

இதன் மறுபக்கத்தையும் கூறாமல் இருத்தல் நேர்மையாகாது. சரபோஜியை மீட்ட அதே கும்பினி, 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வழித் தஞ்சையின் ஆட்சியைத் தன்வயப்படுத்திக்கொண்டது. சுவார்ட்ஸின் அன்பு உண்மையானது எனினும், கும்பினிக்கு அச்சிறுவன் ஓர் அரசியல் கருவி. அரச குடும்பத்துக் குழந்தைக்குக் கிடைக்கும் பரிவில் எது அன்பு, எது கணக்கு என்பதைப் பிரித்தறிவது அக்குழந்தைக்கே அரிதாகிவிடுகிறது.

கோர்ட் ஆப் வார்ட்ஸ் வளர்த்த பிள்ளைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரச குலப் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பை ஆங்கில அரசே ஏற்றது. சென்னை மாகாணத்தில் 1804ஆம் ஆண்டின் ஐந்தாம் ஒழுங்குவிதி இதற்கு அடிப்படை. ஜமீன்தார் இறக்கும்போது வாரிசு உரிய வயதை அடையாதவராயின், சொத்தின் நிர்வாகமும் அப்பிள்ளையின் கல்வியும் கோர்ட் ஆப் வார்ட்ஸ் எனப்பட்ட அமைப்பின் கைக்குச் செல்லும். கடன்கள் அடைக்கப்படும், நிலம் அளக்கப்படும், பிள்ளை பெரும்பாலும் தாயிடமிருந்தும் சொந்த ஊரிலிருந்தும் பிரித்து அனுப்பப்படும்.

இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி இம்முறையில் வளர்ந்தவர். 1868ஆம் ஆண்டு பிறந்த அவர், 1873ஆம் ஆண்டு தந்தை முத்துராமலிங்க சேதுபதியை இழந்தபோது ஐந்து வயதுகூட நிரம்பாதவர். சென்னையில் ஆங்கில ஆசிரியர்களிடம் கற்று, இருமொழிப் புலமையும் நாவன்மையும் பெற்றார். 1889ஆம் ஆண்டு, ஏறத்தாழ இருபது வயதில், ஜமீன் அவர் கைக்கு வந்தது. கோயில்களுக்கும் புலவர்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் வரையாது வழங்கினார். விவேகானந்தர் 1893ஆம் ஆண்டு சிகாகோ செல்லத் தூண்டுகோலாக இருந்தோருள் அவரும் ஒருவர். ஆனால் சில ஆண்டுகளிலேயே ஜமீன் கடனில் மூழ்கியது. 1903ஆம் ஆண்டு, தமது முப்பத்தைந்தாம் வயதில் அவர் காலமானார்.

அவரது வள்ளன்மையைத் தமிழுலகம் நன்றியோடு போற்றுகிறது. எனினும் கல்வியியல் நோக்கில் ஒரு வினா எழுகிறது. இருபது வயது வரை ஒருவரது செலவு, பயணம், உடை, உணவு அனைத்தையும் பிறரே முடிவு செய்கின்றனர். பின்னர் ஒரே நாளில் ஒரு சீமையின் வருவாய் முழுவதும் அவர் கையில் வைக்கப்படுகிறது. சிறு தவறுகளைச் செய்து திருந்துவதற்கான வாய்ப்பு அவருக்கு எப்போது கிடைத்திருக்கும்? ஏட்டுக் கல்வி நிரம்பத் தந்த அம்முறை, ஒரு ரூபாயைத் தானே செலவிட்டு அதன் இழப்பைத் தானே உணரும் பயிற்சியைத் தரவில்லை எனக் கருத இடமுண்டு. கடைக்குச் சென்று மிச்சக் காசை எண்ணி வாங்கிவரும் தோட்டத்துச் சிறுவன் இவ்வகையில் அவரினும் நல்வாய்ப்புப் பெற்றவன்.

இம்முறையின் இருண்ட முகத்தை 1919ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்று வெளிப்படுத்தியது. இளம் ஜமீன்தார்களுக்கெனச் சென்னைத் தேனாம்பேட்டையில் நியூயிங்டன் இல்லம் என்னும் உறைவிடக் கல்விக்கூடம் இயங்கிவந்தது. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் ஓரிரவு, அதன் முதல்வர் கிளெமென்ட் டி லா ஹே உறங்கிக்கொண்டிருந்தபோது சுட்டுக்கொல்லப்பட்டார். ஐயம் அங்குத் தங்கியிருந்த கடம்பூர், சிங்கம்பட்டி இளம் ஜமீன்தார்கள் மீது விழுந்தது. சிங்கம்பட்டியார் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறினார். கடம்பூரார் மீதான வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, அவர் குற்றவாளி அல்லர் என விடுதலை செய்யப்பட்டார்.

கொன்றவர் யார் என்பது இக்கட்டுரையின் பொருளன்று. ஊரில் தம் காலில் விழுந்து வணங்கும் குடிகளையே கண்டு வளர்ந்த பிள்ளைகள், பட்டணத்தில் ஓர் ஆங்கிலேயரின் கண்டிப்புக்கு உட்பட்ட விடுதி மாணவராக இருக்க வேண்டியிருந்தது. ஓரிடத்தில் எவரும் அவர்களைக் கண்டித்ததில்லை. மற்றோரிடத்தில் எவரும் அவர்களிடம் உரிமையோடு பழகியதில்லை. இவ்விரண்டுக்கும் இடையில் ஓர் இளைஞன் எவ்வாறு தன்னை அறிந்துகொள்வான் என்பதே இங்கு நாம் எண்ண வேண்டுவது.

சிங்கம்பட்டியிலிருந்து மாஞ்சோலைக்கு

இவ்வழக்கின் பின்விளைவு, தேயிலைத் தோட்ட வரலாற்றோடு தொடர்புடையது. சிங்கம்பட்டி ஜமீனுக்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் பெருங்காடு உரிமையாக இருந்தது. வழக்குச் செலவால் ஏற்பட்ட கடனே அக்காட்டின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு விடக் காரணமாயிற்று என்பது திருநெல்வேலி வட்டாரத்தில் பரவலாகக் கூறப்படுவது. 1929ஆம் ஆண்டு ஏறத்தாழ 8,374 ஏக்கர் நிலம் 99 ஆண்டுக் குத்தகையில் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்துக்கு அளிக்கப்பட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய தேயிலைக் குடியிருப்புகள் இவ்வாறு தோன்றின. கேமரன் மலையில் போ தோட்டம் தோன்றியதும் இதே 1929ஆம் ஆண்டிலேயாகும்.

சிங்கம்பட்டியின் இறுதி ஜமீன்தாராகிய முருகதாஸ் தீர்த்தபதி 1931ஆம் ஆண்டு பிறந்து, மூன்று வயதளவில் பட்டம் சூட்டப்பெற்றவர். 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியபோது அவர் இருபது வயதைக்கூட எட்டவில்லை. அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக, நாடில்லாத அரசராக அவர் வாழ்ந்தார். ஆடி அமாவாசையன்று சொரிமுத்து ஐயனார் கோயில் விழாவில் அரச உடையில் மக்களுக்குக் காட்சி தருவது அவரது வழக்கம். 2020ஆம் ஆண்டு மே மாதம் அவர் இயற்கை எய்தினார். மழலை பேசும் வயதில் கேட்காமலே தரப்பட்ட பட்டம், இளமையில் கேட்காமலே பறிக்கப்பட்டது. எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அதன் நினைவைச் சுமப்பதே அவர் பணியாயிற்று.

அவர் முன்னோரின் காட்டில் உருவான தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் நிலை என்னவாயிற்று? மாஞ்சோலைத் தொழிலாளரின் கோரிக்கைகளை முன்வைத்து 1999ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் திருநெல்வேலியில் நடந்த பேரணி காவல் துறையினரால் கலைக்கப்பட்டபோது தாமிரபரணியில் பதினேழு உயிர்கள் பலியாயின. அவற்றுள் ஒன்று குழந்தையின் உயிர். குத்தகைக் காலம் 2028ஆம் ஆண்டு முடிவுறும் நிலையில், நிறுவனம் 2024ஆம் ஆண்டு விருப்ப ஓய்வுத் திட்டத்தை முன்வைத்துத் தோட்டப் பணியை நிறுத்திக்கொண்டது. தலைமுறைகளாக வாழ்ந்த வீடுகளை விட்டு வெளியேற வேண்டிய நிலை தொழிலாளருக்கு ஏற்பட்டது. கேமரன் மலை மாணவனின் அச்சம் கற்பனையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. ஆனால் அரண்மனைப் பிள்ளைக்கு அவ்வச்சம் இல்லை என்று அவன் கருதியது பொருந்துமா என்பதைப் புதுக்கோட்டை வரலாறு மேலும் தெளிவாக்குகிறது.

புதுக்கோட்டையின் இரு குழந்தைகள்

புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், 1875ஆம் ஆண்டு பிறந்து, தம் பாட்டனாரால் தத்தெடுக்கப்பட்டு, 1886ஆம் ஆண்டு பத்து வயதில் மன்னரானார். திவான் சேஷையா சாஸ்திரியார் ஆட்சியை நடத்த, மன்னர் ஆங்கில ஆசிரியரின் பொறுப்பில் வளர்ந்தார். ஆங்கிலேய நாகரிகத்திலேயே ஊறி வளர்ந்த அவர், 1915ஆம் ஆண்டு மோலி பிங்க் என்னும் ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். ஆங்கிலேயராக வளரும்படி பயிற்றுவித்த அதே அரசு, அவர் ஆங்கிலேயரைப் போல் மணம் புரிந்தபோது அதை ஏற்க மறுத்தது.

அதன் சுமை 1916ஆம் ஆண்டு பிறந்த மகன் மார்த்தாண்ட சிட்னியின் மேல் விழுந்தது. அக்குழந்தைக்கு அரியணை உரிமை மறுக்கப்பட்டது. மன்னர் குடும்பத்தோடு அயல்நாட்டிலேயே வாழ நேர்ந்தது. 1928ஆம் ஆண்டு மன்னர் பாரிசில் காலமானபோது, அரசுரிமை 1922ஆம் ஆண்டு பிறந்த இராஜகோபாலத் தொண்டைமானுக்கு அளிக்கப்பட்டது. அவருக்கு அப்போது வயது ஆறு.

ஒரே அரச குடும்பத்தில், ஒரு குழந்தைக்கு அரண்மனையின் கதவு பிறந்தபோதே மூடப்பட்டது. மற்றொரு குழந்தை ஆறு வயதில் அதனுள் அமர்த்தப்பட்டது. இருவரிடமும் யாரும் கருத்துக் கேட்கவில்லை. இராஜகோபாலரின் ஆட்சியும் 1948ஆம் ஆண்டு புதுக்கோட்டை இந்தியாவோடு இணைந்தபோது முடிவுற்றது. முன்னாள் மன்னர்களுக்கு வழங்கப்பட்ட மானியமும் 1971ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 26ஆம் திருத்தத்தால் நீக்கப்பட்டது.

நன்மைகள் இல்லையா?

மேற்கண்டவற்றால் அரச குடும்பத்தில் வளர்வது முற்றிலும் தீது என முடிவு கட்டுதல் பொருந்தாது. பஞ்சம் மலிந்த காலத்தில் பசியறியாமல் வளர்ந்தமை சிறிய பேறன்று. நல்லாசிரியர், நூலகம், இசை, பன்மொழிச் சூழல் ஆகியவை அக்காலத்தில் வேறெங்கும் ஒருசேரக் கிடைக்காதவை. பொறுப்புணர்வோடு வளர்க்கப்பட்ட பிள்ளை, தனக்காக மட்டும் வாழாமல் பிறருக்காகவும் எண்ணும் பழக்கத்தைப் பெற்றது. சேதுபதி மரபினரான பாண்டித்துரைத் தேவர் இளமையிலேயே தந்தையை இழந்தும், தமிழறிஞர் சூழலில் வளர்ந்து, 1901ஆம் ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியமை இதற்குத் தக்க சான்றாகும்.

மேலும், அரச குலப் பிள்ளைகளைப் பிறரோடு சேர்த்து வளர்க்கும் வழிகளும் உள்ளன. நம் நாட்டில் 1905ஆம் ஆண்டு அரச, பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கெனத் தொடங்கப்பட்ட கோலகங்சார் மலாய்க் கல்லூரி, காலப்போக்கில் எளிய குடும்பத்து மாணவருக்கும் இடமளித்தது. ஐரோப்பாவிலும் மாற்றம் காணப்படுகிறது. சுவீடன் மன்னர் 2019ஆம் ஆண்டு தம் பேரப்பிள்ளைகள் ஐவரை அரசக் கடமைகளிலிருந்து விடுவித்தார். டென்மார்க் அரசி 2022ஆம் ஆண்டு அறிவித்தபடி, அவரது பேரப்பிள்ளைகள் நால்வர் 2023ஆம் ஆண்டு முதல் இளவரசர் பட்டம் இன்றி வாழ்கின்றனர். அவர்கள் தம் வாழ்வைத் தாமே அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதே கூறப்பட்ட காரணம். பட்டம் ஒரு சுமையாகவும் அமையலாம் என்பதை அரச குடும்பங்களே உணரத் தொடங்கியுள்ளன எனலாம்.

அரண்மனையும் லயமும்

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால், அரச குடும்பத்துப் பிள்ளைக்குத் தீங்கு விளைவித்தது செல்வமன்று என்பது புலனாகும். மூன்று குறைகளே தீங்கு செய்தன. முதலாவது, நிலையான அன்போடு உடனிருக்கும் பெரியவர் இன்மை. இரண்டாவது, சமமாகப் பழகி, சண்டையிட்டு, மீண்டும் கூடும் தோழர் இன்மை. மூன்றாவது, பிறப்பே வாழ்வின் தொழிலை முடிவு செய்துவிட்டமையால், தன் வழியைத் தானே தேரும் வாய்ப்பு இன்மை. சரபோஜிக்கு முதற்குறை சுவார்ட்ஸால் நீங்கியது. நியூயிங்டன் இளைஞருக்கு எந்தக் குறையும் நீங்கியதாகத் தெரியவில்லை.

இவ்வளவுகோலைக் கொண்டு தோட்டத்துப் பிள்ளையை நோக்கினால் வியப்பான ஓர் ஒற்றுமை தென்படும். லயத்து வீடு தந்தையின் வேலையோடு பிணைந்தது. அரண்மனை தந்தையின் பட்டத்தோடு பிணைந்தது. இரண்டிலும் குழந்தைக்கெனத் தனி உரிமை இல்லை. கங்காணி காலத்தில் தோட்டத்துப் பிள்ளை தோட்டத்துக்கே உரியவன் என்று கருதப்பட்டதுபோல, அரசனின் பிள்ளை அரியணைக்கே உரியவன் என்று கருதப்பட்டான். ஒருவனுக்கு வறுமையும் மற்றவனுக்கு வளமும் இருந்தன என்பது பெரிய வேறுபாடுதான். அதைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் முதலிரு பேறுகளாகிய உடனிருக்கும் பெற்றோரும் சமமான தோழரும் பெரும்பாலும் லயத்துப் பிள்ளைக்கே வாய்த்தன.

மூன்றாவது பேறு இருவருக்குமே கல்வியால்தான் வரவேண்டியிருந்தது. குழந்தையைப் பாதிக்கும் முடிவுகளில் அதன் கருத்தையும் கேட்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கை வலியுறுத்தும் நெறி. மலேசியா 1995ஆம் ஆண்டு அதில் இணைந்தது. 2003ஆம் ஆண்டு முதல் தொடக்கக் கல்வி நம் நாட்டில் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பிறப்பு விதித்த வழியிலிருந்து ஒரு பிள்ளை விலகி நடப்பதற்கான வாயில், பட்டமளிப்பு மண்டபத்தில் திறப்பதற்கு முன் தோட்டப் பள்ளியின் முதல் வகுப்பில் திறக்கிறது.

முடிவுரை

அரச குடும்பத்தில் வளர்வது நன்மையா என்னும் வினாவுக்கு, அன்பும் தோழமையும் தன் வழியைத் தேரும் உரிமையும் அங்குக் கிடைத்தால் நன்மை. கிடைக்காவிடில் எவ்வளவு பொன்னும் அக்குறையை ஈடு செய்யாது என்பதே வரலாறு தரும் விடை. அரசர் கதைகளை வகுப்பில் கற்பிக்கும்போது மணிமுடியையும் போர் வெற்றியையும் மட்டும் கூறி நிறுத்துகிறோம். ஐம்படைத்தாலியோடு போருக்குச் சென்ற சிறுவனையும், யானையைக் கண்டு அழுகையை மறந்த பிள்ளைகளையும், இருட்டறையில் எழுத்தறிவுக்கு ஏங்கிய சரபோஜியையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். அப்போது மாணவர் அரசரை வியப்பதோடு, அரசருக்குள் இருந்த குழந்தைக்காக இரங்கவும் கற்பர்.

தானா ராத்தாவில் அன்று கூற இயலாத விடையை இப்போது அவ்வாசிரியைக்குக் கூற விழைகிறேன். அம்மாணவனின் கட்டுரையில் கருத்துப் பிழை ஒன்று உண்டு: அரண்மனையிலிருந்தும் பிள்ளைகளை வெளியேறச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதைச் சிவப்பு மையால் திருத்த வேண்டியதில்லை. அவனை அருகில் அமர்த்திச் சரபோஜியின் கதையைச் சொன்னால் போதும். வீடு குறித்து அவன் கொண்ட அச்சத்தைக் கேட்டறிந்த முதல் பெரியவர் நீங்களாக இருக்கலாம். அதையும் அவனிடம் மெல்ல விசாரியுங்கள்.